முடித்துக் கொடுத்தவர்கள்

ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன ராக் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரே சுருதியில் பேசுகிறார்கள். இரண்டாவது ஆல்பம் வராமல் போனதே அவர்களுடைய நேர்மைக்குச் சான்றாம். இன்னும் ஒருபடி மேலே போய், வெளிவந்த ஒன்றுகூட அசல் இல்லை, அசல் ஏதோ ஒரு கிடங்கில் டேப்பாகக் கிடக்கிறது என்கிறார்கள். ஒத்திகைப் பதிவுகளையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இதைவிடத் தோதான தத்துவம் வாய்க்காது. ஆனால் இந்த ஒற்றை ஆல்பங்கள் நம் காதுக்கு வந்து சேர்ந்ததே, ‘போதும், இதுதான் பாட்டு’ என்று யாரோ ஒருவர் துணிந்து சொன்னதால்தான். அந்த ஒருவரைத்தான் விமர்சகர்கள் கண்டுகொள்வதில்லை.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1969இல் வந்த பிளைண்ட் ஃபெய்த், கிளாப்டன், வின்வுட், பேக்கர் என்ற பெயர்களின் பலத்தில் விற்ற ஆல்பம். மொத்தம் ஆறே பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும் பதினைந்து நிமிடம். சரக்கு தீர்ந்த இடத்தில் ஜிஞ்சர் பேக்கரின் டிரம்ஸ் இட்டு நிரப்புகிறது. அடுத்த ஆண்டே அதே கிளாப்டன் டெரிக் அண்ட் தி டாமினோஸ் என்ற பெயரில் மயாமியின் கிரைட்டீரியா கூடத்தில் இரட்டை ஆல்பம் பதிவு செய்கிறார். கிட்டார்காரர் டுவேன் ஆல்மனை அவருக்கு அறிமுகம் செய்துவைத்ததும் பதிவுக்குப் பொறுப்பேற்றதும் டாம் டௌட். உலகமே உருகும் ‘லைலா’வின் ஆவேசமான முன்பாதியும் பியானோ ஒலிக்கும் பின்பாதியும் தனித்தனியே பதிவாகி, பிறகு ஒட்டப்பட்டவை. ஒரே மூச்சில் பொங்கிய வேதனையாக நாம் கேட்பது கூடத்தில் நடந்த தையல் வேலை. அடுத்த ஆண்டு இரண்டாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள், சண்டையில் முடிந்தது. நேர்மைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றிய புராணம் இன்னும் அபத்தமானது. வாசிக்கத் தெரியாத பையன்கள் கலகமாகக் கத்தினார்கள், அது காவியமாகிவிட்டது என்பார்கள். 1977 அக்டோபரில் வந்த அந்த ஆல்பத்தைத் தயாரித்த கிறிஸ் தாமஸ் பீட்டில்ஸோடும் ராக்ஸி மியூசிக்கோடும் வேலை செய்த கை. ஸ்டீவ் ஜோன்ஸின் கிட்டார் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதியப்பட்டிருக்கிறது. சிட் விஷியஸால் முடியாததால் பேஸையும் பெரும்பாலும் ஜோன்ஸே வாசித்தார். கலகம் மேடையில் நடந்தது. ஆல்பத்தில் இருப்பது பொறுமை.

1980இல் ரஃப் டிரேட் வெளியிட்ட யங் மார்பிள் ஜயன்ட்ஸின் ‘கொலோசல் யூத்’ வேறு வகை. கார்டிஃப் நகரத்து மாக்ஸம் சகோதரர்கள் இருவர், பாட அலிசன் ஸ்டாட்டன். டிரம்ஸ்காரர் கிடையாது, வீட்டில் செய்த கருவியின் தாளத்தைக் கேசட்டில் பதிந்து ஓடவிட்டார்கள். தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டி வெட்டி வாசிக்கும் கிட்டார், அதைச் சுற்றி மெட்டுக் கட்டும் பேஸ், உணர்ச்சியைத் துருத்திக் காட்டாத குரல். வேல்ஸ் கிராமப்புறக் கூடம் ஒன்றில் சில நாட்களில் வேலை முடிந்தது. எதை விடுவது என்று ஸ்டூவர்ட் மாக்ஸம் கூடத்துக்குள் நுழையும் முன்பே தீர்மானித்திருந்தார். கர்ட் கோபேன் தனக்குப் பிடித்தவற்றில் ஒன்றாக இதைச் சொன்ன பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி லிவர்பூலின் தி லாஸ். ‘அசல் வேறெங்கோ’ என்ற மூடநம்பிக்கையின் தலைமைக் கோயில் இதுதான். லீ மேவர்ஸ் அபாரமான பாடலாசிரியர், அதில் சந்தேகமில்லை. 1987இல் கோ! டிஸ்க்ஸ் கம்பெனி குழுவோடு ஒப்பந்தம் செய்தது. ஆல்பம் வந்தது 1990இல். இடையில் ஜான் போர்ட்டர், ஜான் லெக்கி, மைக் ஹெட்ஜஸ் என்று தயாரிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். அதே பாட்டுகள் திரும்பத் திரும்பப் பதிவாயின. ஒலிப்பதிவுக் கருவியில் அறுபதுகளின் தூசி இல்லை என்று மேவர்ஸ் அதைத் திருப்பி அனுப்பியதாக ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, ரசிகர்கள் அதைப் பெருமையாகச் சொல்வதுதான் நோய். கண் திறக்காத சிலையை வருஷக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருப்பதைத் தவம் என்கிறார்கள்.

கடைசியாக வந்த ஸ்டீவ் லில்லிவைட் இருந்தவற்றைக் கோத்து ஆல்பமாக்கினார். மேவர்ஸ் பேட்டிகளில் அதைக் கரித்துக்கொட்டினார். அன்றிலிருந்து லில்லிவைட் ஊருக்கே வில்லன். ஆனால் ஆல்பத்தைக் கேளுங்கள். ‘தேர் ஷி கோஸ்’ இரண்டே முக்கால் நிமிடம்கூட இல்லை. தனிச் சரணம் கிடையாது. ஒரே பல்லவி சுற்றிச் சுற்றி வருகிறது, நடுவில் ஒரு சின்ன விலகல், அவ்வளவுதான். 1988இல் பாப் ஆண்ட்ரூஸ் பதிந்ததையே லில்லிவைட் எடுத்து மறுகலவை மட்டும் செய்தார். தன் முத்திரைக்காக அதை அழித்துத் திரும்பப் பதியவில்லை. நல்லதை நல்லதென்று அடையாளம் கண்டு விட்டுவைப்பதும் ஒரு கலை. ‘லுக்கிங் கிளாஸ்’ ஏறத்தாழ எட்டு நிமிடம். சோம்பலாகத் தொடங்கி, போகப் போக வேகம் கூடி, ஆல்பத்தையே இழுத்துக்கொண்டு முடிகிறது. அதைக் கடைசியில் வைத்ததாலேயே முன்னால் உள்ள குட்டிக் குட்டிப் பாட்டுகள் ஒரு முழுமைக்குள் வந்துவிடுகின்றன.

ஹெட்ஜஸ் பதிவுகளும் பின்னாளில் வெளிவந்துவிட்டன. தளர்வான, இதமான பதிவுகள். சில இடங்களில் குழு இன்னும் இயல்பாக மூச்சு விடுகிறது. ஆனால் பக்தர்கள் சத்தியம் செய்த சொர்க்கம் அங்கே இல்லை. அது இன்னொரு நல்ல ஆல்பம், அவ்வளவே. குழுவில் பேஸ் வாசித்த ஜான் பவர் 1991இல் விலகினார், பிறகு காஸ்ட் என்ற குழுவைத் தொடங்கி, வரிசையாக ஆல்பங்கள் போட்டார். மேவர்ஸைத் தடுக்க அதன் பிறகு எந்த லில்லிவைட்டும் குறுக்கே நிற்கவில்லை. அடுத்த ஆல்பம் இன்றுவரை வரவில்லை.

பாட்டு எழுதுகிறவனின் மனதில் இருப்பது பாட்டு அல்ல, அதன் ஆசை. நிறுத்தும் இடம் தெரிவதும் எழுத்தின் பகுதிதான். எழுதியவனுக்கு அது கைகூடாதபோது பக்கத்தில் இருப்பவர் செய்கிறார், பழியையும் வாங்கிக்கொள்கிறார். ராக் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் டேப் கிடங்குகளைக் குடைவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, டௌடும் தாமஸும் லில்லிவைட்டும் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக ஆராயட்டும். விமர்சனத்துக்கு அங்கேதான் வேலை மிச்சமிருக்கிறது.