தாராவியின் சீட்டும் மாட்டுங்காவின் பி.எஃப்பும்

குடும்ப பட்ஜெட் பற்றிப் புத்திமதி சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதிச் சம்பளத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருமானத்தில் பாதி அவசியச் செலவுக்கு, முப்பது சதவீதம் ஆசைகளுக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்ற கணக்கு அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. இன்று தமிழ் யூடியூப் வரை வந்துவிட்டது. மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு தமிழ் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மாட்டுங்காவை ஒட்டியே இருக்கும் தாராவியில் அது முதல் வரியிலேயே இடறுகிறது. விடியற்காலையில் இட்லி அவித்து சைக்கிளில் விற்கப் போகிறவருக்கும், தோல் பட்டறையில் பீஸ் கணக்கில் தைக்கிறவருக்கும் எதில் பாதி, எதில் இருபது? ஒரு வாரம் நன்றாக ஓடும், அடுத்த வாரம் மழையில் படுத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு, 'அவர்களுக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை' என்று தீர்ப்புச் சொல்வது நம்மில் பலருக்கும் எளிதாக இருக்கிறது. ஆனால் அதே சந்துகளில்தான், எல்லோரும் மாதாமாதம் பணம் போட்டு மாதம் ஒருவராக மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சீட்டு நடக்கிறது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பெயரில் சிலர் அதை 'பிசி' என்றும் சொல்வார்கள். இந்தச் சீட்டைப் பாராட்டுகிறவர்களும் பழிக்கிறவர்களும் அதன் வட்டியைத்தான் பார்க்கிறார்கள். அதன் உண்மையான பலமும், உண்மையான ஆபத்தும் அதிலுள்ள கட்டாயத்தில் இருக்கின்றன.

முதலில் மாட்டுங்காவின் சிக்கனத்தையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சென்ற நூற்றாண்டில் ரயில்வேயிலும் வங்கிகளிலும் கம்பெனி அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன, செம்பூரில் வீடு வாங்கின. கணக்கு நோட்டும் கட்டுப்பாடும்தான் இதற்குக் காரணம் என்று அந்தக் குடும்பங்கள் நம்புகின்றன. நோட்டுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரிய பங்கு வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) உரியது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பன்னிரண்டு சதவீதம் பிடித்தாகிவிடுகிறது, முதலாளியும் அதற்கு ஈடாகப் போடுகிறார், அரசு அறிவிக்கும் வட்டி சேர்கிறது, நினைத்த நேரத்தில் எடுக்கவும் முடியாது. மனஉறுதிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. இந்த ஏற்பாடு சட்டப்படி பொதுவாக இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம். பத்துப் பேர் உட்கார்ந்து தைக்கும் தாராவிப் பட்டறை அதற்குள் வராது, வீட்டில் இருந்தபடி அப்பளம் இடும் பெண்ணும் வரமாட்டார். மாட்டுங்காக்காரருக்குச் சட்டம் செய்துகொடுத்ததை தாராவிக்காரர் இருபது பேரைச் சேர்த்து, ஒரு சீட்டு பிடிக்கிற அக்காவை நடுவில் வைத்து, தாமே செய்துகொள்கிறார். ஆக, இரண்டு பக்கமும் சேமிப்பு நடப்பது கட்டாயத்தால்தான். ஒரு பக்கத்துக் கட்டாயத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

அந்தக் கட்டாயம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைச் செலவின் பக்கம் நின்று பார்த்தால் புரியும். அரிசி, எண்ணெய், பால் போன்றவற்றை அன்றன்றைய வருமானத்தில் சமாளித்துவிடலாம். குடும்பத்தைக் கவிழ்ப்பவை மொத்தமாக வரும் செலவுகள். மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதம். ரூம் மாற வேண்டி வந்தால் புது டெபாசிட், தரகர் கூலி, சாமான் ஏற்றும் வண்டி எல்லாம் ஒரே வாரத்தில் முன்னால் வந்து நிற்கும். மே மாதம் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்வரும் செலவு. ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறக்கும்போதே மழையும் இறங்கிவிடுகிறது. சீருடை, நோட்டுப் புத்தகம், கூரைக்குத் தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டிய நேரத்தில்தான் கூலி வேலை குறைகிறது. மாதாமாதம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்து வீட்டில் வைத்தால் அது நாற்பதாயிரம் ஆவதற்குள் யாராவது கேட்டு வருவார்கள். கொழுந்தனுக்கு அவசரம், கணவருக்குக் கை அரிப்பு. பெண்கள் சிறுவாட்டுப் பணத்தை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்ததற்கு இதுதான் காரணம். அந்த டப்பாவையும் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு வந்த பணமதிப்பு நீக்கம் வெளியே கொட்ட வைத்தது. சீட்டில் போட்ட பணத்தை யாரும் கடன் கேட்க முடியாது, ஏனென்றால் அது வீட்டில் இல்லை. 'சீட்டுக் கட்டணும்' என்ற இரண்டு சொல் எந்த உறவினரையும் மனம் நோகாமல் திருப்பி அனுப்பிவிடும்.

வட்டி விஷயத்தையும் சும்மா விட வேண்டாம். உதாரணத்துக்கு இருபது பேர், மாதம் இரண்டாயிரம், மொத்தம் நாற்பதாயிரம் என்று ஓர் ஏலச் சீட்டை வைத்துக்கொள்வோம். நடத்துகிறவருக்கு ஐந்து சதவீதக் கமிஷன். மாதாமாதம் அதிகத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்பவர் எடுத்துக்கொள்வார், கமிஷன் போக மிச்சத் தள்ளுபடி எல்லோருக்கும் பங்காகும். முதல் மாதங்களில் தள்ளுபடி முப்பது சதவீதம் வரை போய், போகப் போகக் குறைந்தால், ஒருவர் கையிலிருந்து போவது சராசரியாக மாதம் 1,750 ரூபாய், இருபது மாதத்தில் 35,000. மூன்றாம் மாதம் கால் பங்கு தள்ளி எடுத்தவர் கையில் 30,000 கிடைக்கும். அவருக்கு இது ஏறக்குறைய மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கிய கடன். ஐந்து வட்டி, பத்து வட்டி கேட்கும் ஆளிடம் போவதை விட இது எவ்வளவோ மேல். கடைசி மாதம் எடுப்பவருக்கு 38,000. அது வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேலான லாபம். அஞ்சலகத் தொடர் வைப்புக்கு 2023 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த 6.7 சதவீதத்தை விட இது அதிகம்தான். ஆனால் அஞ்சலகம் ஓடிப்போகாது. அந்த வித்தியாசம் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசல்ல, ஆபத்தைச் சுமந்ததற்கான கூலி.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 2014-இல் ஜன் தன் திட்டம் வந்த பிறகு ஏறக்குறைய எல்லோரிடமும் வங்கிக் கணக்கு இருக்கிறது, கைப்பேசியிலேயே பணம் போகிறது, இன்னும் எதற்குச் சீட்டு? கணக்கு பணத்தை வைக்க இடம் தருகிறது, வைக்கச் சொல்லி யாரும் விரட்டுவதில்லை. யுபிஐ வந்த பின் எடுப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. அஞ்சலகத் தொடர் வைப்பில் தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாய் யாரையும் பயமுறுத்தாது, சீட்டுக்கார அக்கா வாசலில் வந்து நிற்பது பயமுறுத்தும். ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு என்ற ஆய்வாளர் விஜயவாடாக் குடிசைப் பகுதி ஒன்றில் கண்டதை இங்கே நினைக்கலாம். தினம் ஐந்து ரூபாய் வீதம் 220 நாள், அதாவது 1,100 ரூபாய், வீடு தேடி வந்து வசூலிக்கும் ஒரு பெண்ணிடம் கட்டிவிட்டு, கடைசியில் 1,000 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வட்டி கிடைக்கவில்லை என்பது மட்டுமல்ல, காசு கொடுத்துச் சேமித்தார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்வது அவசரம். வசூலுக்கு ஆள் வருவதையே ஒரு சேவையாக மதித்து அதற்கு விலை கொடுத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சீட்டை அப்படியே வாழ்த்திவிட முடியவில்லை. நடத்துகிறவர் ஓடிப்போவதைத்தான் செய்தித்தாள் எழுதுகிறது. அதைவிட அமைதியான குறை ஒன்று உண்டு. ஒரே சந்தில், ஒரே தொழிலில் இருக்கும் இருபது பேர் சேர்ந்தால் கஷ்டமும் இருபது பேருக்கும் ஒன்றாகவே வரும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது பட்டறை முதலாளி, தையல்காரர், டீக்கடைக்காரர் எல்லோருடைய வருமானமும் ஒரே நாளில் நின்றது. இப்படி ஒரு நாளில் முன்னால் எடுத்தவரால் கட்ட முடியாது, பின்னால் எடுக்கக் காத்திருந்தவருக்குக் கொடுக்க யாரிடமும் பணம் இருக்காது. பொறுமையாகக் கடைசி வரை காத்திருந்தவர்தான் அதிகம் இழப்பார். சிக்கனத்துக்கு இதைவிட மோசமான பரிசு இல்லை. இன்னொரு குறை, அவமானத்தை வைத்து வசூலிப்பது. சீட்டுத் தவணைக்காக வட்டிக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் சேமிப்பே கடனாகிவிடுகிறது. மூன்றாவது, சீட்டு வேளைக்கு உதவாது. குழந்தைக்கு டெங்கு வந்த வாரத்தில் ஏலம் இல்லையென்றால் இல்லைதான்.

இந்தக் கடைசிக் குறைக்கு மும்பையிலேயே ஒரு விடை உருவானது. 1986-இல் பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் 'மகிளா மிலன்' என்று கூடினார்கள். ஸ்பார்க் அமைப்பும், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் துணை நின்றன. அவர்கள் வகுத்த முறை தினசரிச் சேமிப்பு. வசூலிக்கும் பெண் நாள்தோறும் வீடு வீடாக வருவார், ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ, இல்லாத நாளில் ஒன்றும் வேண்டாம். அந்த நிதியிலிருந்தே அவசரக் கடனும் கிடைக்கும். நிலையற்ற வருமானத்துக்கு மாதத் தவணையை விட இது நன்றாகப் பொருந்துகிறது. தவிர, வசூலிக்கப் போகிறவர் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்வார். கட்டாயம் இதில் தளர்வானது என்பதும் உண்மை. அதனால் டெபாசிட்டுக்கான நாற்பதாயிரம் இதில் அவ்வளவு சீக்கிரம் சேராது.

ஆகவே ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்க முடியாது. அவசரத்துக்குத் தினசரிச் சேமிப்பு, தேதி தெரிந்த பெரிய செலவுக்குச் சீட்டு என்று பிரித்துக்கொள்ளும் குடும்பம்தான் சரியாகப் பட்ஜெட் போடுகிறது. சீட்டின் தவணையை நன்றாக ஓடும் மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஜூலை மழையில் எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவுதான் அளவு. கூட இருப்பவர்கள் பல தொழிலில் இருப்பது நல்லது, ஒரே ஆளிடம் இரண்டு சீட்டுப் போடுவது நல்லதல்ல. இவ்வளவும் குடும்பத்தின் கையில் உள்ளவை. மிச்சம் அரசின் கையில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம், நடத்துகிறவர் முன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் கட்ட வேண்டும் என்கிறது. சந்தில் நாற்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு நடத்தும் பெண்ணால் அது ஆகாது, அதனால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நடத்துகிறவருடைய கமிஷனை ஐந்திலிருந்து ஏழு சதவீதமாக உயர்த்தியது. எந்தத் தொகைக்குக் கீழே சட்டம் பொருந்தாது என்று முடிவு செய்யும் உரிமையையும் மாநிலங்களுக்குத் தந்தது. ஆனால் சட்டத்திலிருந்து விலக்குவதால் மட்டும் சின்னச் சீட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. வார்டு அலுவலகத்தில் பெயர், தொகை, உறுப்பினர் பட்டியல் மூன்றையும் பதிந்து ஒரு ரசீது வாங்கும் எளிய முறையை மகாராஷ்டிர அரசு கொண்டுவர வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் அமைப்புகள் அரசிடம் இதைக் கேட்கலாம்.