மேப் ஓரமும் ஒரு ஹீட்டரும்

சார்லஸ் லிண்ட்பர்க் என்றதும் அட்லாண்டிக்தான் ஞாபகம் வரும் உங்களுக்கு. 1927 மே மாதம், 25 வயதில், நியூயார்க்கிலிருந்து பாரீஸுக்குத் தன்னந்தனியாக 33½ மணி நேரம் பறந்த ஆசாமி. 1953-ல் வெளிவந்த அவருடைய 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' புத்தகத்தை எடுப்பவர்களும் நேரே கடலுக்குத்தான் ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் சார். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி இருக்கிறது. புத்தகத்தின் உயிரே அங்கேதான்.

சான் டியேகோவில் புது விமானத்தை எடுத்துக்கொண்டு கிழக்கே வருகிறார். அரிசோனா மலைகளுக்கு மேலே எஞ்சின் இரும ஆரம்பிக்கிறது. பெட்ரோல் நிறைய இருக்கிறது. கீழே மலை. வட்டமடிக்கிறார், இறங்க இடம் தேடுகிறார். மெள்ள மெள்ள எஞ்சின் சமாதானமாகிறது. கார்புரேட்டரில் ஐஸ் கட்டியிருக்கும் என்று யூகிக்கிறார்.

ஐஸா, அதுவும் ஓடுகிற எஞ்சினிலா? பி.காம். படித்த எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் சில்லென்கிறதே, அதே சமாசாரம். ஆவியாகும் பெட்ரோல் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். குறுகலான தொண்டையில் காற்று வேகமெடுப்பதால் இன்னும் குளிரும். ஈரக்காற்றாக இருந்தால் வெளியே 20 டிகிரியில்கூட உள்ளே ஐஸ் கட்டி மூச்சை அடைத்துவிடும். இறக்கையில் படிகிற பனியாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. விமானம் விழுந்தபிறகு தேடினால் உருகிப் போயிருக்கும். சாட்சி காலி!

வைத்தியம், சூடான காற்றை உள்ளே விடுவது. அதிலும் ஒரு வம்பு. உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் சற்று நேரம் இருமல் அதிகமாகும். பயந்துபோய் லீவரைப் பழையபடி தள்ளிவிட்டால் போச்சு.

எடை விஷயத்தில் லிண்ட்பர்க் மகா கஞ்சன். ரேடியோ வேண்டாம் என்றவர். மேப்பின் ஓரத்தைக்கூட வெட்டி எறிந்தவர். அப்பேர்ப்பட்டவர் நியூயார்க் வந்ததும் கார்புரேட்டருக்கு ஒரு ஹீட்டர் பொருத்த ஒத்துக்கொள்கிறார். எடை கூடும்; சூடான காற்று எஞ்சினின் சக்தியையும் கொஞ்சம் குறைக்கும். பரவாயில்லை என்கிறார். சாகசக்காரர் என்று நான் நினைத்திருந்த மனிதர் அந்த இடத்தில் நல்ல கணக்குப்பிள்ளையாகத் தெரிந்தார்.

கடல் அத்தியாயங்களில் தூக்கக் கலக்கம், ஆவி உருவங்கள், பால்ய நினைவுகள் என்று இழுக்கிறார். பல வருஷம் கழித்து எழுதியதாலோ என்னவோ, மெருகு ஜாஸ்தி. சில பக்கங்களைத் தள்ளிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 1954-ல் புலிட்சர் பரிசு கொடுத்தவர்களுக்கு அதுதான் பிடித்ததோ என்னவோ!

லைப்ரரியில் கிடைத்தால் முன்பாதியை நிதானமாகப் படியுங்கள். அட்லாண்டிக் எங்கேயும் போய்விடாது.