குதிரையின் மூக்கும் கொலைகாரனின் கையும்

கையொப்பமில்லாத ஓர் ஓவியத்தை வரைந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தையும் பாவனையையும் எந்தச் சீடனும் நகலெடுத்துவிடுவான். காதுமடலையும் விரல்நகத்தையும் மட்டும் கை தன் பழக்கத்தில் வரைந்துவிடும், அங்கே தேடவேண்டும் என்றார் இத்தாலியரான ஜியோவன்னி மொரெல்லி. மருத்துவம் படித்த அவர் 1870களில் இதை எழுதினார். 1979இல் வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் அவரையும் ஷெர்லக் ஹோம்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசினார். கலை வரலாறும் துப்பறிதலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

ஆகவே, நாவலில் ஓவியமும் மர்மமும் கூடிவருவது வியப்பல்ல. இரண்டோடும் காதல் ஒட்டுவதுதான் கடினம்.

ஸ்பானிய எழுத்தாளர் அர்த்துரோ பெரெஸ் ரெவெர்த்தேயின் 'பிளாண்டர்ஸ் ஓவியம்' (1990) மர்மத்தில் தேர்ந்த நாவல். பழைய ஓவியமொன்றைச் சீரமைக்கும் ஹூலியா, வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு லத்தீன் வரியை எக்ஸ்ரேயில் காண்கிறாள். வீரனைக் கொன்றது யார் என்று அது கேட்கிறது. ஓவியத்திலிருக்கும் சதுரங்க ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடினால் விடை கிடைக்கும். அருமையான பொறி. ஆனால் ஹூலியாவின் காதலை எடுத்துவிட்டாலும் அந்தப் பொறி ஓடும்.

நாவலாசிரியர் டிரேசி ஷெவாலியர் 1999இல் வேறு வழியில் போனார். ஓவியர் வெர்மீரின் முத்துக் காதணிப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது; 1881இல் ஹேக் நகர ஏலத்தில் அவள் 2 கில்டர் சொச்சத்துக்கு விலைபோனாள். அவளை வேலைக்காரச் சிறுமியாக்கி, வண்ணங்கள் அரைக்க வைத்து, கிராம்புத் தைலம் தடவித் தன் காதைத் தானே குத்திக்கொள்ள வைக்கிறார் ஷெவாலியர். அந்த வலி காதலின் வலிதான். மர்மம் மட்டும் மெலிந்துவிட்டது.

நமக்கு இந்தக் கூட்டு புதிதல்ல. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் அஜந்தாவின் அழியா வண்ண இரகசியத்தைத் தேடித்தான் இளைஞன் பரஞ்சோதி புறப்படுகிறான். அதற்கென்று நம்பி அவன் இடுப்பில் கொண்டுபோன ஓலையின் உண்மைப் பொருளோ வேறு. கலையாசையின் போர்வைக்குள் ஒற்றாடலை ஒளித்துவைத்த அந்தத் துணிவை நாம் போதிய அளவு பேசவில்லை.

மூன்றும் ஒன்றாகவே பிறந்த நாவல் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'. 1998இல் துருக்கியில் வெளிவந்தது, ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. களம் 1591ஆம் ஆண்டின் இஸ்தான்புல். சுல்தானுக்காக இரகசியமாக ஒரு நூல் தயாராகிறது. வெனிஸ்காரர்களைப் போலத் தனிமனித முகத்தை முகமாகவே வரையலாமா, அது இறைவனின் பார்வையை அபகரிப்பதாகாதா என்ற கேள்வியில் ஓர் ஓவியன் கொல்லப்படுகிறான். கொலையின் காரணமே கலை வரலாறு. துப்பும் அப்படியே. பிணத்தோடு கிடைத்த தாளில் ஒரு குதிரை, அதன் மூக்கின் வடிவில் ஒரு விசித்திரம். அந்த மூக்கு எவருடைய பழக்கம் என்று கண்டறிய, தலைமை ஓவியர் உஸ்மானும் (வரலாற்றில் வாழ்ந்தவர்) நாயகன் காராவும் அரண்மனைக் கருவூலத்தில் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மொரெல்லி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மொரெல்லிமுறை இது.

அந்த ஏடுகளில் ஒன்று, பாரசீக மன்னர் தமாஸ்ப் 1568இல் அனுப்பிய 'ஷாநாமா', 258 சிற்றோவியங்கள் கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் அதை வாங்கிய ஓர் அமெரிக்கர் தாள் தாளாகப் பிரித்து விற்றார். உஸ்மான் அதைத் தடவிப் பார்க்கும் பக்கங்களை அந்த நினைவோடு படித்தால் நெஞ்சு பதறும்.

காதலும் ஓவியத்திலிருந்தே எழுகிறது. பாரசீகக் கவி நிஸாமியின் காவியத்தில் ஷிரின், குஸ்ரோவின் படத்தைப் பார்த்தே மனம் பறிகொடுக்கிறாள். அந்தக் காட்சியைத் தங்கள் இருவரின் உருவங்களோடு வரைந்துதான் காரா, தான் விரும்பிய ஷெகூரேயிடம் காதலைச் சொன்னான். அதற்காகவே அவள் வீட்டைவிட்டு விலக்கப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பும்போது அவள் முகம் அவனுக்கு மறந்திருக்கிறது. அவளை முகமாகவே வரைந்த படம் ஒன்று கையில் இருந்திருந்தால் மறந்திருக்காது. கொலைக்குக் காரணமான கேள்வியே இங்கே காதலின் ஏக்கமாகிவிடுகிறது.

இறுதி அத்தியாயத்தில் ஷெகூரே பேசுகிறாள். இளமையில் தன்னை உள்ளபடி யாரேனும் வரைந்திருக்கலாம் என்று ஆசைப்படுகிறாள். அது நடவாதென்று தெரிந்து, கதையைத் தன் இளைய மகன் ஓரானிடம் சொல்லிவைக்கிறாள். பாமுக்கின் தாயின் பெயரும் ஷெகூரேதான்.