'தேவைப்படும்போது' என்ற ஒரு சொல்

குடிநீர் எப்படியிருக்க வேண்டும் என்பதை வகுத்துரைக்கும் இந்தியத் தர ஆவணத்தின் எண் 10500. 1983-இல் வெளிவந்த இது 1991-இலும் 2012-இலும் திருத்தப்பட்டது. நல்ல ஆவணம்தான். குளோரின் அளவை மக்கள் நீர் பிடிக்கும் இடத்திலேயே சோதிக்கச் சொல்கிறது. வைரஸ்களைப் பற்றியும் 2012 பதிப்பு தனியே பேசுகிறது. ஆயினும் அதிலுள்ள ஒரு சொல் உறுத்துகிறது.

குளோரின் கலந்த நீரில், எஞ்சி நிற்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5 மில்லிகிராம் வேண்டும் என்பது விதி. 'தேவைப்படும்போது' என்றால் எப்போது? காமாலை பரவிய பிறகா?

தில்லியில் நடந்ததைப் பாருங்கள். 1955-இல் வெள்ளத்துக்குப் பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. நிலையத்தார் சும்மா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் மஞ்சள் காமாலை கிளம்பி, சுமார் 29,300 பேரைப் பிடித்தது. அது ஹெப்பட்டைட்டிஸ் ஈ வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெளிந்தது. கருவுற்ற பெண்களின் உயிருக்கே உலை வைக்கும் வைரஸ் அது.

பாக்டீரியா மடிந்தது, வைரஸ் பிழைத்தது. காரணம் என்ன? சாக்கடையிலுள்ள கரிமப் பொருள்கள் குளோரினைத் தின்றுவிடுகின்றன. கலங்கல் துகள்களுக்குள் வைரஸ் ஒளிந்துகொள்கிறது. உருவமும் மிகச் சிறியது. ஈ. கோலி பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான். இந்த வைரஸின் குறுக்களவோ ஏறத்தாழ 0.03 மைக்ரான். ஆகவே 'கோலிபார்ம் இருக்கிறது' என்ற முடிவை நம்பலாம். 'இல்லை' என்ற முடிவு வைரஸுக்கு நற்சான்று ஆகாது.

இனி, எளியவர் வாழும் தெருவுக்கு வாருங்கள். ஒரு நாளில் சில மணி நேரமே தண்ணீர் வருகிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் செல்கின்றன. தண்ணீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. விரிசல் வழியே வெளியிலிருப்பது உள்ளே புகுகிறது. நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான் இது. காய்ச்சினால் வைரஸ் அழியும்; ஆனால் நாள்தோறும் குடிநீர் முழுவதையும் காய்ச்ச எரிபொருளுக்குக் காசு வேண்டாமா? இத்தகைய தெருவில் பாதுகாப்பு 'தேவைப்படாத' நாள் எது?

எனவே அச்சொல்லை நீக்கி, இத்தெருக்களுக்கு 0.5 என்பதையே குறைந்த அளவாக்க வேண்டும். அது மட்டும் போதாது. கலங்கல் தெளிய வேண்டும், விரிசல் அடைபட வேண்டும். மாணவர்களே, உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு? கேட்டுப் பாருங்கள்.