வாத்தியாரின் முகத்தைப் பாருங்கள்

செஞ்சிக்கோட்டையின் சுற்றுவட்டாரத்திலுள்ள அனந்தபுரவாசிகளுக்கு ஆண்களின் சிநேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நவாபின் சைனியம் வந்துவிட்டதென்று கேள்வியுற்ற மாத்திரத்தில் மணக்கோலத்தையும் துறந்து, தோழன் தேசிங்குராஜனுக்காகக் களம் புகுந்து மடிந்த மகபத்கானின் கதை அவர்கள் மண்ணிலேயே பிறந்தது, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' திரைக்கு வந்ததும் அந்த மன்னன் பெயரால்தான். சமமானவர்களின் அந்த அன்பு எளிதில் விளங்கும். குருவுக்கும் சிஷ்யனுக்கும் உள்ள அன்போ சிக்கலானது; ஏனெனில், அங்கே இளையவனின் ஜயமே மூத்தவனின் முதுமைக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இதை ரசிக்கப் பழக வெற்றிமாறனின் 'ஆடுகள'த்தை (2011) விடச் சிறந்த படம் தமிழில் இல்லை என்பது என் துணிபு. முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, தனுஷ் ஏற்ற கறுப்பை விட்டுவிட்டு, அவனுடைய சேவற்சண்டை வாத்தியாரான பேட்டைக்காரனை மட்டும் கவனியுங்கள். அறுத்துவிடு என்று தாம் சொன்ன சேவலைச் சிஷ்யன் காப்பாற்றி வளர்த்துக் களத்தில் இறக்குகிறான்; அதற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று சபையறிய அவர் கைவிடுகிறார்; அதன் பிறகு அந்தச் சேவல் ஜயிக்க ஜயிக்க, ஊரார் ஆரவாரத்துக்கு நடுவே அம்முகத்தில் பெருமிதம் அரும்ப வேண்டிய இடத்தில் பொறாமை ஊறத் தொடங்குவதைக் காணலாம். அவராக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன், குரலோ ராதாரவியுடையது. ஆகவே ஒலியைக் குறைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தால், கண்களும் தாடையும் மாத்திரமே எவ்வளவு பேசுகின்றன என்பது தெரியவரும்.

அந்தப் பொறாமையில் விளைந்த வஞ்சனை முழுதும் வெளிப்பட்டு வாத்தியார் தம் கழுத்தையே அறுத்துக்கொண்ட பின்னும், அவர் பெயருக்கு மாசு வரலாகாதென்று பழியைத் தன்மேல் சுமந்துகொண்டு ஊரை விட்டு ஓடுகிறானே கறுப்பு, அந்த பக்தியை நான் வியந்து தீரவில்லை. துரோகம் இழைத்தவரிடத்திலும் குரு என்ற ஸ்தானத்தை அவன் வேறாகப் பிரித்து வைத்துக் காக்கிறான்.

இதன்பின் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யை (2021) பாருங்கள். அதில் பசுபதி ஏற்ற குத்துச்சண்டை ஆசான் ரங்கன் வாத்தியார் பொறாமையறியாதவர். எனினும், தம் மகன் வெற்றிச்செல்வனை விடுத்து இளைஞன் கபிலனைக் களத்துக்குத் தெரிந்தெடுக்கும்போது, உங்கள் பார்வை கபிலனிடம் போகாமல் அந்த மகனிடம் போகட்டும்.