நகரம் யாருக்கு? ஒலிவர் வீரசிங்கவின் பணியை முன்வைத்துச் சில கருத்துகள்

ஒரு நாவலையோ கவிதைத் தொகுதியையோ விமர்சிக்கப் புகும்போது, ‘இது யாருக்காக எழுதப்பட்டது?’ என்று கேட்பது எம்மவர் வழக்கம். கட்டடக் கலைஞரிடம் மாத்திரம் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை. அவருடைய தொழில் அளவுகோலும் சீமெந்தும் சார்ந்தது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். நூல் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். நகரம் பிடிக்காவிட்டாலும் அதற்குள்தான் பிள்ளை பெற்று, கடை வைத்து, மையித்தும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் கட்டடக் கலைஞரை விமர்சிக்க எழுத்தாளனை விமர்சிப்பதைவிட அதிக நியாயம் உண்டு.

இலங்கையின் முதலாவது சுதேச நகரத் திட்டமிடுநர் என்று போற்றப்படுபவர் ஒலிவர் வீரசிங்க. 1907ஆம் ஆண்டிற் பிறந்து, இங்கிலாந்தில் கட்டடக்கலை பயின்று, குடியேற்ற ஆட்சியின் அரசாங்க சேவையிற் சேர்ந்தவர். ஜெருசலேமில் நகரத் திட்ட ஆலோசகராக இருந்துவிட்டு இலங்கைக்கு வந்த கிளிஃபர்ட் ஹொலிடே, 1948இல் கொழும்புப் பிராந்தியத் திட்டத்தை வரைந்த பாட்ரிக் அபர்குரோம்பி ஆகிய வெள்ளைக்கார நிபுணர்களின் காலத்தில், அவர்களுக்குச் சமமாக நின்று வேலை செய்தார். நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் திணைக்களத்தின் முதல் தலைவரானார். பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் வீடமைப்பு, திட்டமிடற் பிரிவிலே பணியாற்றி, 1960களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் இலங்கைத் தூதுவராகவும் இருந்தார். ஒரு சுதேசி இத்துணை உயரம் ஏறியதைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. வெள்ளைக்காரன் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்ட முதல் தலைமுறை அது. வாங்கிய பென்சிலால் என்ன வரைந்தார்கள் என்பதே கேள்வி.

அவர் பெயர் நிலைத்திருப்பது அநுராதபுரத்தின் புதிய நகரத்தால். 1873இல் வடமத்திய மாகாணம் உருவாக்கப்பட்ட பிறகு, பாழடைந்து கிடந்த பழைய தலைநகரின் இடிபாடுகளிடையே ஒரு சிறு நகரம் முளைத்தது. கச்சேரி வந்தது, புகையிரதம் வந்தது, சந்தை வந்தது. சிங்களவரோடு தமிழரும் முஸ்லிம்களும் அங்கே கடை வைத்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். புனித பூமியிலிருந்து இவை அகற்றப்பட வேண்டும் என்ற இயக்கம் வலிசிங்க ஹரிச்சந்திரவின் காலத்திலேயே, அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எழுந்துவிட்டது. 1942இல் அநுராதபுரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வீரசிங்க வரைந்த திட்டத்தின்படி, அலுவலகங்களும் கடைகளும் குடிமனைகளும் கட்டங்கட்டமாக மல்வத்து ஓயாவின் கீழ்ப்புறத்துக்கு நகர்த்தப்பட்டன.

புதைபொருளின்மேல் கக்கூஸ் குழி வெட்டலாகாது என்பதில் எமக்கு எவ்வித மாறுபாடும் இல்லை. தாகபைகளைப் பேணுவது நாட்டு மக்கள் அனைவரின் கடமை. திட்டத்தில் அகன்ற வீதிகள் இருந்தன. காற்றும் வெளிச்சமும் இருந்தன. அக்காலத்துச் சந்துகளை அறிந்தவர்க்கு இவை அற்ப விடயங்கள் அல்ல. ஆனால் அத்திட்டம் வரலாறு என்பதை எப்படி வகுத்தது என்று பார்க்க வேண்டும். ஈராயிரம் ஆண்டுச் செங்கல் வரலாறாயிற்று. எழுபது ஆண்டு அங்கே அரிசியும் துணியும் விற்ற மனிதனின் கடை வெறும் இடைஞ்சலாயிற்று. பல இனத்தார் கலந்து வாழ்ந்த ஒரு கடைத்தெரு வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டபோது, அதை அழித்தது வகுப்புவாதியின் கை அல்ல. கண்ணியமான, படித்த, பக்கச்சார்பற்ற ஓர் உத்தியோகத்தரின் கை. எம்மை அதிகம் சிந்திக்க வைப்பது இதுதான். 2011ஆம் ஆண்டு அநுராதபுரத்தில் ஒரு தர்காவைக் கும்பலொன்று இடித்துத் தள்ளியது. அதற்கு வீரசிங்கவைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆயினும் ஓரிடத்தில் யாருக்கு உரிமை, யார் வந்தேறி என்ற கோட்டை முதலில் அரசாங்கத்தின் வரைபடமே கீறியது என்பதையும் மறைக்க முடியாது.

வேறு வழி இருந்ததா? இருந்தது. பாட்ரிக் கெடிஸ் 1915இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய சென்னை மாகாண நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்புக்கும் திட்டம் தந்தார். அவரும் ஐரோப்பியரே. எனினும் தெருத்தெருவாக நடந்து, எந்தக் கிணற்றடியில் யார் கூடுகிறார்கள் என்று பார்த்து, முடிந்தவரை குறைவாக இடிக்க வேண்டும் என்று வாதாடியவர். நெரிசலான பகுதியை வெட்டியெறியாமல், இங்கொரு சுவரையும் அங்கொரு பாழ்வீட்டையும் நீக்கிக் காற்றுக்கு வழிவிடும் முறையை அவர் சிகிச்சைக்கு ஒப்பிட்டார். வீரசிங்கவின் தலைமுறை கெடிஸை மரியாதையோடு அலுமாரியில் வைத்துவிட்டு அபர்குரோம்பியின் பெரிய வரைபடத்தையே மேசையில் விரித்துக்கொண்டது.

இனி எமது கரைக்கு வருவோம். 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டத்தின் பெயரிலேயே நாட்டுப்புறம் இருக்கிறது. ஆயினும் திட்டமிடல் என்பது கல்முனைக் கரைக்கு முதுகைக் காட்டியே வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. உள்நாட்டில் அம்பாறை என்ற நகரம் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. 1961இல் அதுவே புதிய மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. மருதமுனை நெசவாளியும் சாய்ந்தமருது மீனவனும் ஒரு கடதாசிக்குக் கையொப்பம் பெறக் கச்சேரி தேடி வயல்வெளி கடந்து போகவேண்டியதாயிற்று. கரையிலோ, கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, நடுவில் உள்ள மணற்கீலத்தில் வீடு வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

இந்த நெருக்கத்தைக் கண்டு ‘ஒழுங்கற்ற வளர்ச்சி’ என்று அறிக்கை எழுதுவது எளிது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எமது ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். தகப்பன் தன் வளவைத் துண்டாடி மூத்தவளுக்கொரு வீடு, இளையவளுக்கொரு வீடு என்று கட்டுவான். சகோதரிகள் வேலிக்கு வேலி வாழ்வார்கள். பரம்பரை தோறும் துண்டு சிறுக்கிறது, ஒழுங்கை ஒடுங்குகிறது. சீதன முறை ஏழைத் தகப்பனின் முதுகெலும்பை முறிக்கிறது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். அதைக் கவிபாடிப் புகழ நாம் வரவில்லை. ஆனால் அதை அறியாத எந்தத் திட்டமும் எமது நகரத்தை அறிந்ததாகாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே அதிக சாவு இங்கேதான். சில வாரங்களுள் கொழும்பிலிருந்து ஒரு கோடு வந்தது: தென்கரைக்கும் மேற்குக்கரைக்கும் 100 மீற்றர், வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டலாகாது. கரையிலே குடிசனம் எவ்வளவு, பின்னால் நிலம் எவ்வளவு என்ற கணக்கைக் காட்டிலும் கோடு முந்திக்கொண்டது. 200 மீற்றரை எமது ஊர்களில் அளந்து கழித்தால் மிஞ்சுவது பெருந்தெருவும் வயலுந்தான். பின்னர் அக்கோடு தளர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் காலம் கூடாரங்களில் கழிந்தது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குப் பகிர்வது என்பது வழக்காகி, உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, சுவர்களில் பற்றை படர்ந்தது. கரையோரத்தவருக்காக உள்நாட்டில் வேறு இடங்களிற் கட்டப்பட்ட வீடுகளிலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பதே அளவு. மகளுக்கு வீடு எழுப்ப ஒரு முழ மண் மிச்சமில்லை. அங்கே குடியேறிய கரைவலைக்காரன் விடியுமுன் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் தன் தோணி கிடக்கும் பழைய வாடிக்கு வரவேண்டியிருந்தது.