மலைமேல் மனை: நெடுநல்வாடை தரும் அளவுகோல்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் அரண்மனை ஒன்றைக் கட்டும் முறையை நக்கீரர் கூறுகிறார். அப்பகுதியை மன்னனின் செல்வச் சிறப்பு என்று மட்டும் பொருள் சொல்லிக் கடப்பது நம் வகுப்பறை வழக்கம். யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். அது குறையுடைய விளக்கம் என்று இன்று உணர்கிறேன்.

புலவர் முதலில் மாடத்தையோ ஓவியத்தையோ பேசவில்லை. நூலறிந்தோர் இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் நூலிட்டுத் திசை குறித்த பின்னரே மனை வகுத்தனர் என்கிறார். கூதிர்க் காலத்தில், தென்றலுக்கென அமைந்த மேல்மாடத்துக் கதவுகள் தாழிடப்பட்டிருந்ததையும், மக்கள் தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்ந்ததையும் காட்டுகிறார். ஞாயிறும் காற்றும் பருவமும் அறிந்து கட்டுவதே மனை என்பது இதன் உட்பொருள் அன்றோ? அவ்வரண்மனை மலைமேல் நின்றதன்று. எனினும் அவ்வளவுகோல் எந்நிலத்துக்கும் பொருந்தும்.

அதனைக் கொண்டு நம் கேமரன் மலையை நோக்குவோம். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். ஆங்கிலேயர் அங்குத் தம் நாட்டு டியூடர் பாணியில் இல்லங்கள் எழுப்பினர். 1937-இல் தோன்றிய ஸ்மோக்ஹவுஸ் அவற்றுள் புகழ் பெற்றது. சரிந்த கூரை மழைக்கும், கணப்படுப்பு குளிருக்கும் ஏற்றவையே. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பின்னெழுந்த அடுக்குமாடிகள் பல, வெண்சுவரில் கருஞ்சட்டம் தீட்டியதோடு நின்றுவிட்டன. உருவம் வந்தது; காரணம் வரவில்லை.

ஞாயிற்றின் செலவையே எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தில் நண்பகல் ஞாயிறு எந்நாளும் தென்திசையிலேயே நிற்கும். ஆதலின் தெற்கு நோக்கிய சாளரம் அங்கு வெம்மை தரும். கேமரன் மலையிலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் முற்பகுதி வரை அது வடபால் நிற்கிறது. அயல்நாட்டுப் படத்தைப் பெயர்த்துக் கட்டுவோர் இதனை எண்ணினரா?

அதே மலைச்சாரலில் வாழும் செமாய் மக்களின் மரபு வீட்டைக் காண்க. கால்கள்மேல் உயர்ந்த தளம், மூங்கில் தரை, மூங்கில் சுவர், ஓலைக் கூரை. சரிவை வெட்டிச் சமனாக்க வேண்டுவதில்லை. கால்களின் நீளமே மேடு பள்ளத்தை ஈடு செய்கிறது. மழைநீர் தளத்தின் கீழ் தன் வழியே ஓடுகிறது. ஓலை சில ஆண்டுகளில் மாற்றத்தக்கது என்பது குறையே. ஆயினும் மலை குலையாது நிற்கிறது. நீடித்து நிலைக்கும் வீடு என்பது சுவர் நெடுநாள் நிற்பது மட்டுமன்று. வீட்டைத் தாங்கும் மண்ணும் நிற்க வேண்டும்.

இது அழகு பற்றிய வாதம் மட்டுமன்று, உயிர் பற்றியது. 1993 டிசம்பர் 11-ஆம் நாள், தலைநகரை அடுத்த உலு கிள்ளானில், ஹைலண்ட் டவர்ஸ் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் மூன்றனுள் ஒன்று சாய்ந்தது. நாற்பத்தெட்டுப் பேர் மாண்டனர். பின்புறச் சரிவில் நீர் வடிய உரிய வழி இல்லாமையும், தொடர்மழையில் மண் ஊறிச் சரிந்தமையும் காரணமாயின. உறுதியான கற்காரை அங்கு இருந்தது; நீருக்கு வழி இல்லை.

ஆதலின் மலையில் மனை வகுப்போர் முதலில் வினவ வேண்டியவை மூன்று: நீர் எவ்வழி ஓடும்? ஞாயிறு எப்பக்கம் நிற்கும்? மண்ணை எவ்வளவு குறைவாக வெட்டலாம்? தூண்மேல் தளம், அகன்ற இறவாரம், தூர்ந்து போகாத வடிகால், சரிவைப் பிடிக்கும் வெட்டிவேர் ஆகியன அதன்பின் தாமே வரும். வண்ணமும் வடிவமும் இறுதியில் வரட்டும்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ மாணவரைப் பள்ளித் திடலுக்கு அழைத்துச் சென்று இரு கோல்கள் நடுக. நம் கடிகாரத்தில் பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் நிழல் அடியில் ஒடுங்கும். நெடுநல்வாடைக்கு அதனினும் சிறந்த உரை யான் அறியேன்.